ஆக்டிங் பிள்ளையின் தொண்ணூற்றெட்டு வீடுகள்

குன்னத்துகாலில் வந்து நின்று, "பூதலிங்கம் பிள்ளை வீடு எது?" என்று கேட்டால் நான்கு பேர் நான்கு திசையைக் காட்டுவார்கள். "ஆக்டிங் பிள்ளை வீடு" என்று கேட்டால் போதும், குளத்தில் மாடு கழுவிக்கொண்டிருப்பவன்கூட மாட்டை அப்படியே விட்டுவிட்டு வந்து வாசல் வரை கொண்டுபோய் விடுவான். அத்தனை கீர்த்தி.

அந்தக் கீர்த்தி வந்த கதை சின்னது. காட்டு இலாகாவின் கீழ் எங்கோ ஒரு மூலையில் இருந்த ஒரு கச்சேரியில் சுயம்பு பிள்ளை என்று ஒரு குமாஸ்தா இருந்தார். கொல்லம் ஆண்டு 1071-இல் அவர் காசி யாத்திரைக்கு மூன்று மாதம் விடுப்பு எடுத்தார். அந்த மூன்று மாதத்துக்குப் பதிலாளாகப் பூதலிங்கம் பிள்ளையை அமர்த்தினார்கள். சுயம்பு பிள்ளை திரும்பி வரவில்லை. செத்துப்போனார் என்றும் தகவல் இல்லை. கச்சேரிப் புத்தகத்தைப் பொறுத்தவரை அவர் பதின்மூன்று வருஷமாகக் கங்கையில் முங்கிக்கொண்டே இருந்தார். அவர் குளித்து முடித்துத் தலை துவட்டும்வரை பூதலிங்கம் பிள்ளை ஆக்டிங் குமாஸ்தாதான். ஸ்திரமாக முடியாது.

ஸ்திரமாகாவிட்டால் என்ன, குடியா முழுகிவிடும் என்று கேட்பவர்கள் மருமக்கவழியில் பிறக்காதவர்கள். பூதலிங்கம் பிள்ளையின் முன்னோர் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து குடியேறிய வேளாளர்கள். அவர்களுக்குச் சொத்து தாய்வழியில் இறங்கும். அவர் குடியிருந்த வீடு, தென்னை, வயல், கிணறு, கிணற்றுத் தவளை உட்பட எல்லாம் அவர் காலத்துக்குப் பிறகு அவருடைய அக்காள் மகன் நெல்லையப்பனுக்கு. குடும்பம் ஒரே வீடாக இருக்கும்வரை மூத்த மருமகன் கையில்தான் எல்லாம், தங்கை மக்களுக்குத் தனிப் பாகம் இல்லை. பெற்ற மகள் கோமளவல்லிக்கு அப்பாவின் மூக்கு கிடைத்திருந்தது. அதோடு சரி.

நெல்லையப்பன் மாமா வீட்டுக்கு வரும்போதெல்லாம் படி ஏறியதும் அண்ணாந்து கூரையைப் பார்ப்பான். ஓடு ஏதாவது உடைந்திருக்கிறதா என்று. மாமாவின் உடம்பு எப்படி என்று அப்புறம்தான் கேட்பான். இந்தப் பார்வையைப் பிள்ளையின் மனைவி உமையம்மாள் கல்யாணமான நாளிலிருந்து அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் கணவனுக்கென்று சொந்தமாக இருந்தது உத்தியோகம் ஒன்றுதான். அது ஸ்திரமானால் பென்ஷன் உண்டு. பென்ஷன் உண்டென்றால் அவளுக்கும் மகளுக்கும் தனியாக ஒரு கூரை உண்டு. பதின்மூன்று வருஷமாக அவள் சாமிக்கு விளக்கேற்றும்போது வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று: சுயம்பு பிள்ளை கரையேறட்டும், அல்லது முழுகட்டும்.

கடவுள் இரண்டையும் செய்யாமல் வண்ணத்துப்பூச்சியை அனுப்பினார்.

1084 மாசி மாதம் ஒரு நாள் காலையில் ஹெட்கிளார்க் சிவானந்தம் பிள்ளை அவரைக் கூப்பிட்டார். சிவானந்தம் பிள்ளையும் மருமக்கவழிக்காரர்தான். கனத்த உடம்பு, சிவப்பு மையும் கறுப்பு மையும் கலந்து கறைபட்ட விரல்.

"வேய் பூதலிங்கம், நீரு பூம்பாத்தை புடிச்சிருக்கீரா?"

"சின்னதில புடிச்சிருக்கேன் அண்ணாச்சி."

"இனி சர்க்காருக்காகப் புடியும்."

விஷயம் இதுதான். ஒரு துரை மலைமலையாகத் திரிந்து வண்ணத்துப்பூச்சி எத்தனை இனம் என்று ஆராய்கிறவர். மலைக்கு அந்தப் பக்கத்துப் பாண்டிக் காட்டில் தொண்ணூற்றாறு இனம் இருப்பதாக அவருக்குக் கணக்குக் கிடைத்திருந்தது. இந்தப் பக்கம் திருவிதாங்கூரின் ஒதுக்குக் காட்டில் எத்தனை என்று மேலிடத்தில் கேட்டார்கள். சிவானந்தம் பிள்ளை நாற்காலியை விட்டு எழாமலேயே காட்டை முழுக்க மனசுக்குள் சுற்றிவந்து, "சுமார் நூறு" என்று பதில் எழுதினார். அதற்குச் சுத்தப் படி எடுத்தவர் 'சுமார்' என்ற சொல்லை விட்டுவிட்டார். நூறு என்று மேலே போய், மேலேயிருந்து அதற்கும் மேலே போய், நூறு இனத்தின் பட்டியலும் ஐப்பசியில் துரை வரும்போது தயாராக இருக்க வேண்டும் என்று உத்தரவாகித் திரும்பி வந்தது.

சுத்தப் படி எடுத்த அந்தப் பாவி பூதலிங்கம் பிள்ளையேதான்.

"நீரு விட்டதுக்கு நீரே போயித் தேடும்" என்றார் சிவானந்தம் பிள்ளை. பிறகு குரலைத் தாழ்த்தி, "நூறு கொண்டாந்தீருன்னு வையும், உம்ம நான் ஸ்திரமாக்குகேன். இது என் வாக்காக்கும்" என்றார்.

ஐயோ, அந்த வாக்கு! பூதலிங்கம் பிள்ளையின் கண்கள் கலங்கின. நாற்பத்து மூன்று வயதில் ஒரு மனிதன் கண்ணில் நீர் வரவழைக்க அந்தக் கச்சேரியில் மிளகாய்ப்பொடி தேவைப்படவில்லை.

துரை ஒரு வலையும் சில கண்ணாடிக் குப்பிகளும் அனுப்பியிருந்தார். புத்தகம் அனுப்பவில்லை. பூதலிங்கம் பிள்ளை கச்சேரிக்கு உடுத்துவதையே காட்டுக்கும் உடுத்தினார். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. வெள்ளறடை தாண்டி மலையடிவாரத்தில் ஒதுக்குக் காடு தொடங்கும் இடத்தில் கிருஷ்ணன்குட்டி என்ற காவல்காரன் அவருக்காகக் காத்திருந்தான். ஐம்பது வயதுக்காரன். யானையை வாசனையில் அறிவான், மேலதிகாரியைச் செருப்புச் சத்தத்தில் அறிவான். உலகத்தில் பூதலிங்கம் பிள்ளையை 'ஏமானே' என்று எஜமானாக்கிக் கூப்பிட்ட ஒரே ஜீவன் அவன்தான். அதற்காகவே அவர் அவனை நேசித்தார்.

முதல் வாரம் அவர் கச்சேரி நேரப்படி வேலை செய்தார். பத்து மணிக்கு ஒரு பாறையில் உட்காருவார், நான்கு மணிக்கு எழுந்துவிடுவார். எதிரே வந்த பூச்சியை எழுதுவார், வராத பூச்சியைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். வாரக் கடைசியில் கணக்குப் பார்த்தால் பூச்சி பதினொன்று, அவர் காலில் அட்டை கடித்த இடம் முப்பத்தாறு.

"ஏமானே, இங்ஙன இருந்தா ஒந்நும் வராது" என்று கிருஷ்ணன்குட்டி அவரை ஒரு ஓடைக்கரைக்கு அழைத்துப் போனான். ஈரமண், குப்பென்று ஒரு வாடை. "ஆனை மூத்திரம் பெய்த மண்ணாக்கும் இது. இதிலே இரிக்கணும். எல்லாரும் இங்கோட்டு வரும்."

"இதிலயா?"

"பூவிலே பெண்ணுங்க வரும். ஆணுங்க எல்லாம் இங்ஙோட்டாக்கும் ஏமானே. உப்பு வேணும் அதுங்களுக்கு."

சைவ வேளாளர், மூன்று வேளை திருநீறு பூசுகிறவர், வெங்காயம் நறுக்கிய பலகைக்கு எதிரே உட்காராதவர், யானை மூத்திரத்துக்கு அருகில் குடையை விரித்துக்கொண்டு ஆறு மாதம் உட்கார்ந்தார். மஞ்சள் மஞ்சளாக, நீல நீலமாக வந்து இறங்கின. அழுகிய பலாப்பழத்தில் வந்தவை, சாணத்தில் வந்தவை, அவருடைய தலைப்பாகையின் வியர்வைக்கு வந்தவை என்று பட்டியல் நீண்டது.

பெயர்தான் திண்டாட்டம். ஊரில் பெரிசாக இருந்தாலும் சின்னதாக இருந்தாலும் எல்லாம் பூம்பாத்தைதான். ஆகவே மனிதர்களுக்கு இருப்பது போலவே ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டுப்பெயர் வைத்தார். கறுப்பு உடம்பில் கழுத்துப்பட்டை போல வெள்ளை விழுந்தது 'வக்கீல் வீடு'. சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாகப் பறந்தது 'கச்சேரித் தூசி வீடு'. மெல்ல மெல்ல, யாரையும் மதிக்காமல் பறந்த பெரிய கறுப்பு மஞ்சள் பூச்சி 'தாசில்தார் வீடு'. அது வலைக்குள்ளும் அப்படித்தான் மெல்ல வந்தது.

ஒரு நாள் மலை உச்சியிலிருந்து ஒன்று இறங்கி வந்தது. கிருஷ்ணன்குட்டி தலையைச் சொறிந்தான். "ஏமானே, இது பாண்டியில இருந்து வருந்ததாக்கும். நம்ம கணக்கில எழுதலாமோ?"

"வழியில சுங்கச் சவுக்கையில நிறுத்தினாவளா?"

"இல்ல."

"அப்பம் நம்ம பிரஜைதான். எழுது."

ஆவணி முடியும்போது தொண்ணூற்றெட்டு வீடு ஆயிற்று. பாண்டிக்காரர்களின் தொண்ணூற்றாறை ஜெயித்தாயிற்று. வேறு யாராவது என்றால் வெற்றி என்பார்கள். ஆனால் காகிதத்தில் நூறு என்று போய்விட்டது. புரட்டாசியில் இரண்டு வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஓடைக்கரையில் தவளை தவிர யாரும் வரவில்லை. பூதலிங்கம் பிள்ளை காவல் குடிசையின் வாசலில் உட்கார்ந்து, "தெய்வமே, ரெண்டே ரெண்டு" என்று பிச்சைக்காரன் குரலில் முனகினார்.

மழை விட்ட அன்று தெய்வம் காது கொடுத்தது. அல்லது கேலி செய்தது. வெயிலில் ஒரு பூச்சி வந்தது. கறுப்புச் சிறகு, பின்சிறகில் வெள்ளைப் புள்ளிகள் ஒரு வரிசை. பழைய ஆசாமிதான், நாற்பத்தோராம் எண், 'முத்துமாலை வீடு'. அவன் ஒரு பெண்ணைச் சுற்றினான். அவள் அவனைப் போலவே உடுத்தியிருந்தாள். சற்று நேரத்தில் இன்னொருத்தியைச் சுற்றினான். அவள் சிறகின் நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்பு. அதற்கடுத்து மூன்றாமவள், கறுப்பில் சிவப்புப் பொட்டுகள் வாரி இறைத்தாற்போல. மூவரிடமும் ஒரே மாதிரி குழைந்தான்.

கிருஷ்ணன்குட்டி சிரித்தான். "ஒரே சாதியாக்கும் ஏமானே. பெண்ணுங்க உடுத்ததுதான் வேற வேற."

பூதலிங்கம் பிள்ளை சிரிக்கவில்லை. பட்டியலைப் பிரித்தார். மருமக்கவழிக்காரனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வீடு என்பது எதை வைத்து? தாயை வைத்து. புருஷன் எத்தனை வாசலில் செருப்பைக் கழற்றினாலும் வீடு அவனுடையதா? தாய் மூன்றென்றால் வீடும் மூன்று. புருஷன் ஒருவனாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அவருடைய பெரிய மாமாவுக்கே பாறசாலையில் ஒன்று, குளத்தூரில் ஒன்று, அதியன்னூரில் ஒன்று என்று மூன்று வாசல் இருந்ததாக ஊர் சொல்லும். அதற்காக மூன்றையும் ஒரே வீடு என்று எந்தக் கோர்ட்டாவது எழுதியதா?

நாற்பத்தோராம் எண்ணை அடித்து மூன்றாகப் பிரித்து எழுதினார். தொண்ணூற்றெட்டுடன் இரண்டு. நூறு!

அந்த மலையடிவாரத்தில், யானை மூத்திரம் மணக்க, கோட்டுப் போட்ட ஒரு மனிதர் குடையைத் தூர எறிந்துவிட்டு விம்மி விம்மி அழுததைக் கிருஷ்ணன்குட்டி கண்டான். பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து அவர் காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டான்.

சிவானந்தம் பிள்ளை பட்டியலைப் பார்த்தார். கடைசி எண் நூறு என்று மட்டும் பார்த்தார். அடியில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஸ்திரமாக்கச் சிபாரிசுக் காகிதமும் எழுதி மேஜைக்குள் வைத்தார். துரை வந்து பட்டியலை வாங்கிக்கொண்டதும் சிபாரிசு மேலே போகும். பூதலிங்கம் பிள்ளை வீட்டில் பாயசம் வைத்தார்கள். நெல்லையப்பன் வந்தான், கூரையைப் பார்ப்பதற்கு முன்பே மாமாவின் உடம்பை விசாரித்தான். கோமளவல்லி திகைத்துப் போனாள்.

எல்லாம் கறிவேப்பிலையில் கெட்டது.

முற்றத்தின் கிழக்கு மூலையில் உமையம்மாள் வளர்த்த கறிவேப்பிலை மரம் ஒன்று உண்டு. பாயசம் குடித்து ஒரு வாரம் இருக்கும். அவள் கையில் ஈர்க்குச்சி மாறுடன் மரத்தின் கீழ் நின்று சாபமிட்டுக்கொண்டிருந்தாள்.

"கேட்டியளா, கறிவேப்பில போட்டுத் தாளிச்சு எத்தன நாளாச்சு தெரியுமா? இத்தனையும் புழு. முதல்ல காக்கா எச்சம் மாதிரி இருந்துது, இப்பம் பாருங்கோ, பச்சப் பச்சயாட்டு உருண்டு கெடக்கு. இண்ணைக்கு அம்புட்டையும் நசுக்கி எடுக்கேன்."

"தொடாத ஏட்டீ! அது பூம்பாத்தைக்க புழு. சர்க்கார் சொத்தாக்கும்."

"மரம் நெல்லையப்பனுக்கு, புழு சர்க்காருக்கு. எனக்கு என்னத்த, மாறா?"

"இது எந்த வீட்டுப் புழுன்னு பாக்கணும்."

"எந்த வீடா? நான்தான் கண்ணால பாத்தேனே. ஒரே ஒருத்தியாக்கும். கறுப்புச் சேலையில சிவப்புப் பொட்டு. இலைக்கு ஒண்ணா இட்டுக்கிட்டே போனா. வேற எவளும் வரல்ல. கச்சேரியில உங்களக் கறிவேப்பிலயாட்டு எடுத்து எறியுகாவ, வீட்டில என் கறிவேப்பிலய இவ வந்து தின்னக் குடுக்கா."

பூதலிங்கம் பிள்ளை ஏழு புழுக்களைக் கொம்புடன் வெட்டி ஒரு ஓலைக் கடவப்பெட்டியில் வைத்து, பழைய தலைப்பாகைத் துணியால் வாயைக் கட்டினார். மனைவி மீது அதிகாரம் காட்ட அவருக்குக் கடைசியில் ஒரு புழு கிடைத்தது. புழுக்கள் தின்றன, கொம்பில் தொங்கிக் கூடாகின. பத்துப் பன்னிரண்டு நாளில் துணிக்குள் படபடப்புக் கேட்டது.

துணியை மெல்ல விலக்கிப் பார்த்தார். நான்கு ஆண், முத்துமாலை அணிந்த அதே ஆசாமிகள். மீதி மூன்றும் வயிறு பருத்த பெண்கள். ஒருத்தி அண்ணன்மாரைப் போல உடுத்தியிருந்தாள். ஒருத்திக்கு நடுவில் வெள்ளைத் திட்டு. ஒருத்திக்குச் சிவப்புப் பொட்டு. மூன்று வீட்டுப் பெண்களும் ஒரே வயிற்றிலிருந்து வந்து, ஒரே கடவத்தில் உட்கார்ந்து, சிறகை உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

தாய் ஒருத்தி. அவர் சட்டப்படியே வீடும் ஒன்று. நூறு மறுபடியும் தொண்ணூற்றெட்டு.

விதி பல பேரைத் துரத்தியிருக்கிறது. பூனைக்குட்டியின் முன் எலியைப் போடுவதுபோல ஒரு மனிதன் முன்னே உத்தியோகத்தைப் போட்டு, அவன் கை நீட்டியதும் கறிவேப்பிலைக் கொம்பால் அடித்தது இந்த ஒரு தடவைதான்.

நெல்லையப்பன் அன்று வந்திருந்தான். விஷயம் தெரிந்ததும் அவனுக்குப் பதற்றம் வந்தது. மாமா ஸ்திரமானால் மாமியும் மகளும் தனிக் கூரை பார்த்துக்கொண்டு வீட்டை விடுவார்கள் என்பது அவன் கணக்கு.

"மாமா, நான் சொல்லுகத கேளும். கடவத்தக் கவுத்தா ஏழும் பறந்து போவும். யாருக்குத் தெரியும்? பூம்பாத்தை வந்து கச்சேரியில சாட்சி மொழி குடுக்கவா போவுது?"

பூதலிங்கம் பிள்ளையின் கை கடவத்தின் பக்கம் நகர்ந்தது என்பதை மறைக்க முடியாது. அப்போது அடுப்படியிலிருந்து உமையம்மாளின் குரல் வந்தது.

"நல்ல யோசனதான் மருமவனே. ஒரு தாய் பெத்த பிள்ளையள மூணு வீடாட்டுப் பிரிக்கலாம்னு உங்க மாமா கையெழுத்துப் போட்டு, சர்க்கார் முத்திரையும் குத்தியாச்சு. நாளைக்கு உங்க அம்மையும் சின்னம்மையும் ஒரு வீடா ரெண்டு வீடான்னு சின்னம்ம மக்க கேப்பாவ. அப்பம் நீ அண்ணாந்து பாக்கண்டாம் மக்கா. பாதி ஓடு அவியளுக்குப் போயிரும்."

நெல்லையப்பன் மெல்லக் கூரையைப் பார்த்தான். பாதி ஓடு பறந்து போவது அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"மாமா," என்றான், குரலே மாறி, "நீரு பட்டியலத் திருத்தணும். தாய் ஒண்ணுன்னா வீடு ஒண்ணு. அது முன்னோர் வச்ச முறையாக்கும். மனுசனுக்கு ஒண்ணு, பூம்பாத்தைக்கு ஒண்ணுன்னு உண்டா?"

அவன் போன பிறகுதான் உமையம்மாளுக்குத் தான் பேசியது உறைத்தது. வாய் ருசிக்காக ஒரு பேச்சு, அந்தப் பேச்சில் தன் கூரையையே இடித்துவிட்டாள். "என் வாயில மண்ணு" என்று அடுப்புக்கு முன் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். பூதலிங்கம் பிள்ளை அவளைத் தேற்றவில்லை. கடவத்தருகில் உட்கார்ந்து, முதன்முதலாகச் சிறகை அசைத்த சிவப்புப் பொட்டுக்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோமளவல்லி வந்து குனிந்து, "அப்பா, இது அப்பன் சாடையா அம்ம சாடையா?" என்று கேட்டாள். அவர் மகளின் மூக்கைப் பார்த்தார். பிறகு எழுந்து பேனாவை எடுத்துத் தம் படியில் நாற்பத்தொன்றைத் திருத்தினார்.

மறுநாள் கச்சேரியில் சிவானந்தம் பிள்ளைக்குக் கோபத்தில் தும்மல் வந்தது.

"நூறுன்னு எழுதியாச்சு வேய்! இனி காடுதான் திருந்தணும். நீரு ஏன் திருந்துகீரு?"

"ஏழும் ஒரு தாய்க்குப் பொறந்தது அண்ணாச்சி. என் வீட்டுக்காரி பாத்தா."

"பாத்தா பாத்துட்டுப் போறா. பட்டியலத் திருத்தினா நீரு ஆக்டிங்லயே சாவீரு. தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி."

"பொறவு என்ன?"

பூதலிங்கம் பிள்ளை தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மிகுந்த அக்கறையோடு ஒன்று கேட்டார். யாரையும் மிரட்ட அவருக்குத் தெரியாது. அடுப்படியில் கேட்ட சட்டம் மேஜைக்கு முன் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

"உங்க வீட்டுப் பாகக் கேசு இப்பம் எந்த மட்டில இருக்கு அண்ணாச்சி?"

சிவானந்தம் பிள்ளையின் தும்மல் பாதியில் நின்றது. நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் ஐந்து வருஷமாக ஒரு வழக்கு நடந்தது. அவருடைய தங்கை மக்கள் தங்களைத் தனி வீடாகப் பிரிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்களைப் பிரிக்க ஈரேழு பதினாலு லோகத்திலும் முறையில்லை என்று சிவானந்தம் பிள்ளை சத்தியம் செய்து மொழி கொடுத்திருந்தார். எதிர்க்கட்சி வக்கீலுக்கு மூக்கு நீளம், எங்கே காகிதம் இருந்தாலும் மோப்பம் பிடிப்பான். ஒரு தாய்க்கு மூன்று வீடு என்று தாமே கையெழுத்திட்ட சர்க்கார் காகிதம் அவன் கையில் கிடைத்தால்?

"பட்டியல எடும்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. சிவப்பு மையைத் தொட்டு, தம் கையாலேயே இரண்டு வீடுகளை அடித்தார். காகிதம் கிழியும் அளவுக்கு அடித்தார். அடியில், 'வீடு தொண்ணூற்றெட்டு. மீதி இரண்டும் தேடப்பட்டு வருகின்றன. நூறு பூர்த்தியாகும்வரை தேடும் குமாஸ்தா ஆக்டிங்காகத் தொடர்வார்' என்று எழுதினார். மேஜைக்குள்ளிருந்த சிபாரிசை எடுத்துக் காது குடையத் திரி செய்துகொண்டார்.

ஐப்பசியில் துரை வந்தார். நூறைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. தொண்ணூற்றெட்டைப் புரட்டினார், நாற்பத்தொன்றில் விழுந்திருந்த சிவப்பு மையைப் பார்த்தார், முட்டையிட்டதைக் கண்டது யார் என்று மட்டும் கேட்டார். "வீட்டுக்காரி" என்றார் பூதலிங்கம் பிள்ளை. துரை நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. தன் பேர் சீமைக்குப் போய்விட்டது என்று உமையம்மாள் ஒரு வருஷம் குளக்கரையில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த இரண்டு வருஷத்தில் தொண்ணூற்றொன்பதாம் வீடு கிடைத்தது. அதற்கடுத்த வருஷம் சிவானந்தம் பிள்ளை வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், அவருடைய வாக்கும் அவரோடு ஓய்வு பெற்றது. புதிதாக வந்த ஹெட்கிளார்க் காகிதங்களைப் படித்துவிட்டு, "நூறு பூர்த்தியானதும் இந்த வேலையை எடுத்துவிடலாம்" என்று சொன்னார். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்த ஆவணியில்தான் கிருஷ்ணன்குட்டி ஓடைக்கரையில் அவர் தோளைத் தொட்டான். மரப்பட்டையில் ஒரு காய்ந்த இலை ஒட்டியிருந்தது. காம்பு உண்டு, நரம்பு உண்டு, ஓரத்தில் பூஞ்சணம் பிடித்த புள்ளிகூட உண்டு. ஆனால் அதற்கு ஆறு கால் இருந்தது. அது லேசாக விரிந்தபோது உள்ளே நீலம் மின்னியது.

பூதலிங்கம் பிள்ளை நீண்ட நேரம் அதைப் பார்த்தார். நூறாவது வீடு. அதை எழுதிய மறுநாள் அவருக்குக் கச்சேரி இல்லை.

"கிருஷ்ணன்குட்டீ, அது என்னது?"

கிருஷ்ணன்குட்டி மேலதிகாரிகளைச் செருப்புச் சத்தத்திலேயே அறிந்தவன் அல்லவா? கொஞ்சம் யோசித்தான்.

"இலையாக்கும் ஏமானே."

"எனக்கும் அப்பிடித்தான் தோணுகு."

அதன் பிறகு எட்டு வருஷம் அது இலையாகவே இருந்தது. ஆவணி தோறும் அவர்கள் அந்த மரத்துக்குப் போவார்கள். இலை சிறகை விரிக்கப் போகிறது என்று தெரிந்தால், குளிக்கடவில் பெண்பிள்ளை நிற்பதைக் கண்ட யோக்கியர்கள் போல இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பொய்யாக இரண்டைக் கூட்ட மாட்டேன் என்று ஸ்திரத்தை இழந்த மனிதர், மெய்யான ஒன்றைக் குறைத்து ஆக்டிங்கைக் காப்பாற்றிக்கொண்டார். தர்மதேவதை அந்தக் காட்டுப் பக்கம் வந்திருந்தால் அட்டை கடித்தே திரும்பிப் போயிருப்பாள்.

1096-இல் ஐம்பத்தைந்து வயதானதும் அவரை அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் இல்லை, ஆக்டிங்குக்கு ஏது? ஆனால் அந்தப் பன்னிரண்டு வருஷச் சம்பளத்தில் அதியன்னூர்ப் பக்கம் கோமளவல்லி பேரில் சின்னதாக ஒரு ஓட்டு வீடு எழும்பியிருந்தது. முற்றத்தில் உமையம்மாள் பழைய மரத்தடியிலிருந்து பிடுங்கி வந்த கறிவேப்பிலைக் கன்று ஒன்று நின்றது. அதன் கீழ்க்கொம்புகளில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டால், "சர்க்கார் சொத்தாக்கும்" என்பாள்.

வேலை போன மறுநாள் பூதலிங்கம் பிள்ளை கோட்டும் தலைப்பாகையும் இல்லாமல் காட்டுக்குப் போனார். கிருஷ்ணன்குட்டியும் கிழவனாகியிருந்தான். இருவரும் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது, இலை விரிந்தது. அன்று அவர் முகத்தைத் திருப்பவில்லை. நீலம் முழுவதையும், அது தானாக மூடிக்கொள்ளும்வரை பார்த்தார். வீட்டுக்கு வந்து நூறாம் எண் போட்டு, பெயர் என்ற கட்டத்தில் 'சுயம்பு பிள்ளை வீடு' என்று எழுதித் தபாலில் அனுப்பினார். புத்தகத்தில் இருந்துகொண்டே கண்ணில் படாமல் இத்தனை காலம் இருக்க வேறு யாரால் முடியும்?

இரண்டு மாதம் கழித்துக் கச்சேரிப் பதில் பழைய விலாசத்துக்கு வந்தது. நெல்லையப்பன் அதை எடுத்துக்கொண்டு அதியன்னூருக்கு வந்தான். உத்தியோகத்தில் இல்லாதவர் அனுப்பும் பூச்சியைச் சேர்க்க விதியில்லை என்று இரண்டே வரி. பூதலிங்கம் பிள்ளை சிரித்துக்கொண்டே அதை மடித்து வைத்தார்.

நெல்லையப்பன் பழக்க தோஷத்தில் தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்தான்.

அடுப்படியிலிருந்து உமையம்மாளின் குரல் வந்தது. "கீழ பாரு மருமவனே, கழுத்து சுளுக்கிரும். இது கோமளவல்லிக்க ஓடாக்கும்."